ஐந்து ஆசனமும் ஒரு கதிரையும்

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் சந்தித்த படம் பேப்பரில் வந்தபோது, எங்களூர் தேத்தண்ணிக் கடையில் அதைப் பறித்துப் பறித்துப் பார்த்தோம். ஒருவர் "துரோகம்" என்றார், இன்னொருவர் "ராஜதந்திரம்" என்றார். புலிகளின் பகுதியில் வயல் வைத்திருந்த வாப்பா மட்டும், "கப்பம் நிக்குமாடா?" என்று கேட்டார்.

ஹக்கீம் அங்கே போனதே பிழை என்று இப்போது எழுதும் தம்பிமாருக்குத்தான் இந்தப் பதிவு. போனது சரி. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டவர்கள், அந்த ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணம் சோனகத் தெரு முஸ்லிம்களுக்கு ஊரைவிட்டு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுத்தவர்கள் புலிகள். வடக்கு முழுக்க 75,000 பேரளவில் துரத்தப்பட்டார்கள். அந்தப் புலிகளோடு பேசாமல் வேறு யாரோடு பேசி மீள்குடியேறுவது? ஏப்ரல் 13 உடன்பாட்டில் வடபுல முஸ்லிம்கள் திரும்பலாம், வயலில் இறங்கலாம், கப்பம் இல்லை என்று எழுதினார்கள். இரண்டே மாதத்தில் மூதூரும் வாழைச்சேனையும் பற்றியெரிந்தது வேறு கதை. ஆனாலும் எங்கள் தலைமை ஒன்றோடு புலிகள் கையெழுத்து வைத்தார்களே, அது சின்ன விஷயமில்லை.

பிழை அதற்குப் பிறகுதான். செப்டம்பரில் தாய்லாந்து சத்தஹிப்பில் அரசும் புலிகளும் சமாதானப் பேச்சுத் தொடங்கியபோது ஹக்கீம் இருந்தது அரசாங்கத் தூதுக்குழுவின் கதிரையில், பிரதமர் ரணிலின் அமைச்சராக. முஸ்லிம் தூதுக்குழுவைப் பொருத்தமான நேரத்தில் அழைப்போம் என்றார்கள். அந்த நேரம் வரவேயில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2001 டிசம்பர் தேர்தலில் ரணிலின் ஐக்கிய தேசிய முன்னணிக்கு 109 ஆசனம், மரச் சின்னத்தில் நின்ற முஸ்லிம் காங்கிரஸுக்கு 5. கூட்டினால் 114. பெரும்பான்மைக்குத் தேவை 113. அந்த ஐந்தைக் காட்டி, "பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு இல்லையென்றால் நாங்களும் இல்லை" என்று பேச்சுத் தொடங்குமுன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அமைச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாதுதான். (2001 ஜூனில் ஜனாதிபதி சந்திரிகாவின் அரசிலிருந்து விலகி ஆட்சியையே ஆட்டிய அதே கட்சி இது!)

புலிகளையும் அரசையும் மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்சியைத் தொடங்கிய அஷ்ரப் 2000 செப்டம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் போன பிறகு அவர் மனைவி ஃபேரியல் ஒரு பக்கம், கட்சி எம்.பி. அதாவுல்லா ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றோம். எங்களுடைய குரல் எதுவென்று பேச்சுக்கு நடுவில் நின்ற நோர்வேக்காரர் யாரிடம் கேட்பார்? 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் திரண்டு, முஸ்லிம்களுக்குச் சுயநிர்ணயம் கேட்டு ஒலுவில் பிரகடனம் சொன்ன சனம், தலைவர்களை விடத் தெளிவாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு 2005 ஜூனில், நிவாரண வேலையை அரசும் புலிகளும் சேர்ந்து செய்வதற்கான பொதுக்கட்டமைப்பு வந்தது. பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு 5, முஸ்லிம்களுக்கு 3, அரசுக்கு 2. அம்பாறைக் கரையில் மையித்து அடக்கிக் களைத்த சமூகத்துக்கு மூன்று இடம் கிடைத்தது. ஆனால் உடன்படிக்கைத் தாளில் கையெழுத்து அரசு, புலிகள் என்ற இரண்டு தரப்புக்குத்தான். பிறகு உயர் நீதிமன்றமும் அதில் முக்கியமான பகுதிகளை நிறுத்தியது.

இப்போதும் தேர்தல் மேடையேறினால் எல்லோரும் "தனித்தரப்பு" என்கிறார்கள். அமைச்சு கிடைத்த மறுநாள் அந்தச் சொல்லைச் சொன்ன ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள்.