பங்குப் பத்திரத்தை நம்பி வீடு கட்ட முடியாது
‘நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு பண்ணையை வாங்கி, ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டிக்கொள்ளலாம்’ என்று இங்கே வந்த, பண்ணை நிலம் வாங்குவது பற்றிய கட்டுரையில் இருப்பதைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் நம்பிவிட வேண்டாம். 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி, அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் விவசாய நிலத்தைத் துண்டு போட முடியாது; நிலத்தைப் பிரிக்காமல் ‘ஆளுக்கு இத்தனை பங்கு’ என்று பத்திரத்தில் எழுதிக்கூடப் புதிதாக ஒருவர் பெயருக்கு மாற்ற முடியாது. என் அக்கா வீட்டுக்காரர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் ஒரு கரும்பு வயலின் ஓரத்தைப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டார். ‘ஒப்புதல் கிடைத்தால்தான் விற்பனை’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டோமே, சரி, பயமில்லை என்று நினைத்தோம். வழக்கறிஞர் பார்த்துவிட்டு, அப்படி நிபந்தனை போட்ட ஒப்பந்தமும் செல்லாது, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்றார். ஒப்புதல் முதலில், கையெழுத்து அப்புறம்தான். முன்பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு வருடம் அலைந்தோம். அந்த மண்ணில் வைப்பதற்கென்று அக்கா தொட்டியில் வளர்த்த முருங்கைக் கன்று இன்னும் டர்பன் ஃபீனிக்ஸில் உள்ள அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஜூலு மன்னர் பொறுப்பில் உள்ள அறக்கட்டளையான இங்கொன்யாமா டிரஸ்டின் நிலம் மலிவு என்கிறார். அங்கே கிடைப்பது குத்தகை உரிமை, சொந்தப் பத்திரம் அல்ல. நிலம் பார்க்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகராட்சியில் ஜோனிங் சான்றிதழ் (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சான்று) கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் ‘விவசாயம்’ என்று இருந்தால், எத்தனை வீடு கட்ட அனுமதி உண்டு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.