எனக்காகத்தான் பெயரை மாற்றினார்களாம்

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பழைய காலண்டர்கள் கட்டாகக் கிடைத்தன. நியூஜெர்சி ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கினால் வருஷப் பிறப்புக்குக் கொடுப்பார்களே, அந்த மாதக் காலண்டர்கள். 2005 முதல் 2009 வரை ஐந்தும் இருந்தன. வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் ஒன்றில் வரலட்சுமி நோன்பு, ஒன்றில் பல் டாக்டர், மற்றதில் பெரும்பாலும் என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: ‘சைஃபை, ராத்திரி’. அப்படியே தரையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தேன். ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’, அதாவது விஞ்ஞானக் கதை, என்பதன் சுருக்கத்தையே பெயராக வைத்திருந்த அந்த டிவி சேனல் 2009-இல் பெயரின் எழுத்தை மாற்றியது பற்றி இத்தனை வருஷமாக மனசில் கிடந்த ஒரு கோபம் மறுபடி கிளம்பிவிட்டது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் அமெரிக்கா வந்தது 2004 செப்டம்பரில், வேலைக்கு வந்த கணவரோடு வரும் மனைவிக்குத் தரும் ஹெச்4 விசாவில். எம்.எஸ்சி. இயற்பியல் படித்து, மதுரையில் இரண்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். அப்போது அந்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது. காலை ஏழரைக்கு அவர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினால் இரவு ஏழு மணி வரைக்கும் நானும் ஹீட்டர் சத்தமும்தான். அந்த டிசம்பர் 31 அன்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனபோது கறுப்பு வெள்ளையில் ஏதோ ஓடியது. ‘ட்வைலைட் சோன்’, 1959-இல் தொடங்கிய தொடர். வருஷப் பிறப்பு என்றால் அதை ஒரு சேனல் விடாமல் ஒளிபரப்பும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. உச்சரிப்பு பிடிபடாததால் அடியில் எழுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஊறப்போட்ட உளுந்து அப்படியே கிடந்தது. அன்றைக்கு அரைக்கவே இல்லை.

அந்தச் சேனல்தான் சைஃபை. 1992 செப்டம்பர் 24-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ஆலோசகர் குழுவில் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவும் ‘ஸ்டார் ட்ரெக்’கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் இருந்தார்கள். சேனல் வெளிச்சத்துக்கு வருவதற்குள் இரண்டு பேருமே இறந்துபோனார்கள். முதல் நாள் ஒளிபரப்பையே அவர்கள் நினைவுக்குக் காணிக்கையாக்கித்தான் தொடங்கினார்கள். யாருக்காக இந்த வீட்டைக் கட்டினோம் என்று வாசலிலேயே எழுதி வைத்துவிட்டுத் திறந்த சேனல் அது.

2005 ஜனவரியில் புது ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ வந்தது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு உலகங்களில் வாழ்ந்த மனித இனம் ஒரே நாளில் அழிகிறது. கிட்டத்தட்ட 50,000 பேர் மட்டும் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். குடியரசுத் தலைவர் பொறுப்பு, வரிசையில் 43-ஆவதாக இருந்த கல்வித்துறைச் செயலர் லாரா ராஸ்லின் தலையில் விழுகிறது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். தனக்கு மார்பகப் புற்றுநோய் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். உயிரோடு எத்தனை பேர் மிச்சம் என்று ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, ஒருவர் இறந்தால் குறைத்து, ஒரு குழந்தை பிறந்தால் கூட்டி எழுதுவார். அந்தக் கை எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கரும்பலகை ஞாபகம் வரும். மேரி மெக்டோனல் நடித்தார். அதிகாரத்துக்கு வந்த ஒரு டீச்சரை அத்தனை அச்சு அசலாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“என்னடி, ராத்திரி முழிச்சு அப்படி என்னத்தப் பார்க்குற?” என்று அம்மா போனில் கேட்பாள். “ஊர விட்டு ஓடி வந்த ஜனங்க கதைம்மா” என்பேன். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

துணி துவைக்கும் அறையில்தான் எனக்கு முதல் அமெரிக்கத் தோழி கிடைத்தார். மேல் மாடியில் இருந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ், அப்போதே எழுபது இருக்கும். திங்கட்கிழமை இரண்டு பேரும் இயந்திரத்தில் சில்லறையைப் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக் கதையைப் பேசுவோம். 2002-இல் ‘ஃபார்ஸ்கேப்’ தொடரை நான்கு சீசனோடு அதே சேனல் நிறுத்தியபோது ரசிகர்கள் ஒன்று சேர்ந்து போராடினார்கள் அல்லவா, அதில் இவரும் கடிதம் எழுதியவர். 2004-இல் அந்தக் கதைக்கு ஒரு குறுந்தொடராக முடிவு கிடைத்ததில் தன் தபால் தலைகளுக்கும் பங்கு உண்டு என்று பெருமையாகச் சொல்வார். உண்டுதான்.

இப்போது 2009 மார்ச்சுக்கு வருகிறேன்.

16-ஆம் தேதி, திங்கட்கிழமை, சேனலின் பெயர் மாறப்போகிறது என்று அறிவித்தார்கள். மறுநாள் 17-ஆம் தேதி, நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் கேலக்டிகா குழுவினரை அழைத்து, மனித உரிமை, பயங்கரவாதம், போரில் சிக்கிய குழந்தைகள், சமரசம் என்று அந்தத் தொடர் பேசிய விஷயங்களை வைத்து ஒரு கலந்துரையாடல் நடந்தது. அட்மிரல் அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், இருப்பது ஒரே இனம், அது மனித இனம் என்று அந்த அரங்கில் குரல் உயர்த்திப் பேசினார். 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடரின் கடைசி எபிசோட்.

அந்த மார்ச்சில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தமிழ் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் அந்தச் செய்தி. ராத்திரி அந்த வெள்ளைப் பலகை. விஞ்ஞானக் கதை என்பது நிஜத்திலிருந்து தப்பித்து ஓடும் இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்த மாதம்தான் கண்முன் வரும். தாங்க முடியாததைப் பார்க்க எனக்கு அந்தக் கதை ஒரு தூரத்தைக் கொடுத்தது. அந்தத் தூரம் இல்லாவிட்டால் நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

ஒரு விஞ்ஞானக் கதையை ஐ.நா. வரைக்கும் கொண்டுபோன அதே வாரத்தில், அதைக் காட்டிய சேனல் ‘விஞ்ஞானக் கதை’ என்ற தன் பெயரைக் கழற்றி வைக்க முடிவெடுத்திருந்தது. இதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். ‘சை ஃபை’ என்பது பொதுச்சொல். ‘சமையல்’ என்ற வார்த்தையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாதது போல அதையும் டிரேட்மார்க் செய்ய முடியாது. எஸ், சி, ஐ, எஃப், ஐ என்றிருந்ததை எஸ், ஒய், எஃப், ஒய் என்று எழுதினால் அது அவர்கள் சொத்து. வியாபாரம் செய்கிறவர்களுக்கு அது தேவை. இளைஞர்கள் போனில் குறுஞ்செய்தி அனுப்பும்போது இப்படித்தான் எழுதுவார்கள் என்று சேனல் தலைவர் டேவ் ஹவ் சொன்னதைக்கூட விட்டுவிடலாம்.

விட முடியாதது வேறொன்று. அந்தச் சேனலைத் தொடங்குவதில் பங்கெடுத்த டிவி வரலாற்று ஆய்வாளர் டிம் ப்ரூக்ஸ் அந்த மாற்றத்தை ஆதரித்து ஒரு விளக்கம் சொன்னார். பழைய பெயர் என்றாலே, பேஸ்மென்ட்டில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும், மனுஷரோடு பழகத் தெரியாத பையன்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பொது ஜனங்கள், முக்கியமாகப் பெண்கள், அந்தப் பெயரோடு ஒட்டுவதில்லை. இதுதான் சாரம்.

பெண்கள்!

அப்படியென்றால் நான் யார்? மடியில் ஒன்றரை வயசுப் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கடைசி சீசனைப் பார்த்தவள் யார்? மேல் மாடியில் கடிதம் எழுதின அந்த நர்ஸ் அம்மா யார்? கேலக்டிகா வந்த காலத்தில் அந்தச் சேனலுக்குத் தலைமை வகித்த போனி ஹேமர் ஒரு பெண். 1978 தொடரில் ஆணாக இருந்த ஸ்டார்பக் பாத்திரத்தைப் புதிய தொடரில் கேட்டி சாக்கஃப் ஏற்று, அந்தக் கப்பலிலேயே சிறந்த விமானியாகக் காட்டியதும் அந்தப் பழைய பெயரின் கீழேதான். எனக்கு அந்தப் பெயர் உறுத்தியதே இல்லை. ‘சயின்ஸ்’ என்ற வார்த்தையைப் பார்த்துத்தான் நான் ரிமோட்டை நிறுத்தினேன். இயற்பியல் படித்த ஒருத்திக்கு, வேலையும் இல்லாமல் வேற்றூரில் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு, அந்த வார்த்தை என்ன கொடுத்தது என்று அவர்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவளைக் கண்ணில் பார்க்காமல், அவள் வரவேண்டும் என்று வாசலில் கோலத்தை அழித்துப் புதுக் கோலம் போட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. பேஸ்மென்ட் பையன்கள் என்று சொன்னார்களே, அவர்களுக்கும் அது அவமானம்தான். பதினேழு வருஷமாக அந்தச் சேனலை நடக்கவைத்தது அவர்கள் பார்த்த பார்வை. பழகத் தெரியாதவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் ஒரு இடம் வேண்டாமா?

‘சை-ஃபை’ என்ற சொல்லை 1954-இல் பிரபலமாக்கியவர் விஞ்ஞானக் கதை ரசிகர் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன். ‘ஹை-ஃபை’ என்ற சொல்லின் சந்தத்தில் பிறந்தது அது. இந்தத் துறை எழுத்தாளர்கள் பலருக்கே அந்தச் சுருக்கம் பிடிக்காது, மலிவாக ஒலிக்கிறது என்பார்கள். இருந்தாலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் மக்கள் வாயில் புழங்கிய சொல். அக்கர்மன் 2008 டிசம்பரில் இறந்தார். அறிவிப்பு வந்தது மூன்றே மாதம் கழித்து. புதுப் பெயரின் முதல் மூன்று எழுத்து, ‘சிஃப்’, போலந்து மொழியில் அழுக்கு, அசிங்கம் என்று பொருள்படும் கொச்சைச் சொல். அதனால் அந்த நாட்டில் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். அங்கே அந்தப் பெயரோடு சேனல் ஓடத்தான் செய்தது.

தமிழில் எழுதும்போது இந்த மாற்றத்தைக் காட்டவே முடியாது என்பதைக் கவனித்தீர்களா? இரண்டுமே சைஃபைதான். காதுக்கும் ஒரே சத்தம். 2009 ஜூலை 7, செவ்வாய்க்கிழமை, புதுப் பெயரும் ‘வேர்ஹவுஸ் 13’ தொடரும் ஒரே நாளில் வந்தன. அதை நானும் பார்த்தேன், நல்ல தொடர்தான். சத்தம் மாறவில்லையே, எழுத்துதானே போனது, இதற்கா இத்தனை கோபம் என்று இவர்கூட அப்போது கேட்டார்.

“எழுத்து போகலைங்க, அர்த்தம் போயிருச்சு” என்றேன். பழைய எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளுக்குச் சேனல் கட்டுப்பட்டிருந்தது. மல்யுத்தத்தை உள்ளே விட்டது 2006-இல், பேய் தேடும் நிகழ்ச்சி 2004-லேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அப்போதெல்லாம் ‘இது இந்தப் பெயருக்கு அடுக்குமா?’ என்று கேட்க எங்களுக்கு ஒரு பிடி இருந்தது. ஒரு அர்த்தமும் இல்லாத நாலு எழுத்தைப் பார்த்து என்ன கேட்க முடியும்?

அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. 2010 அக்டோபர் 1 முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி டபிள்யூ.டபிள்யூ.இ. ஸ்மாக்டவுன். எங்கள் வெள்ளிக்கிழமை! மல்யுத்தம் பார்ப்பவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, என் தம்பியே பைத்தியமாகப் பார்ப்பான். கூட்டம் வரும், ரேட்டிங் வரும். ஆனால் அதற்கு இடம் விட்டு ‘கேப்ரிகா’, ‘ஸ்டார்கேட் யூனிவர்ஸ்’ என்ற இரண்டு விஞ்ஞானக் கதைத் தொடர்களையும் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளினார்கள். பார்ப்பவர்கள் குறைந்தார்கள். குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி அக்டோபர் கடைசியில் முதலாவதையும் டிசம்பரில் இரண்டாவதையும் நிறுத்தினார்கள். செடியை வெயிலிலிருந்து தூக்கி உள்ளே வைத்துவிட்டு வாடிவிட்டது என்று பிடுங்கிப் போட்டது போல. துணி துவைக்கும் அறையில் நர்ஸ் அம்மா, “இந்த முறை யாருக்குக் கடிதம் எழுதுவது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்தச் சேனல் மட்டுமா? அதே 2010-இல் எம்டிவி தன் சின்னத்தின் அடியிலிருந்த ‘மியூசிக் டெலிவிஷன்’ என்ற வரியை எடுத்தது. டிஎல்சி என்ற மூன்று எழுத்து ஒரு காலத்தில் ‘கற்றல் சேனல்’ என்பதன் சுருக்கம். பெயரைத் தேய்த்துவிட்டால் கேள்வி கேட்பவர்களும் தேய்ந்துபோவார்கள் என்று ஒவ்வொருவராகக் கண்டுகொண்டார்கள்.

2017 ஜூனில், இருபத்தைந்தாம் வருஷத்தை ஒட்டி, மறுபடியும் புதுச் சின்னம். இந்த முறை, ரசிகர்களுக்கே இந்தச் சேனல் என்று முழங்கினார்கள். சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ‘தி எக்ஸ்பான்ஸ்’ அப்போது அதில்தான் ஓடியது. நியூட்டன் விதிகளுக்கு அடங்கி நகரும் விண்கப்பல்களை டிவியில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அதில் ஐ.நா.வின் மேல்மட்டத்தில் இருக்கும் கிறிஸ்ஜென் அவசரலா என்ற இந்தியப் பெண் பாத்திரத்தை ஷோரே அக்தாஷ்லூ ஏற்று நடித்தார். என் மகள் அவர் உடுத்துவதைப் பார்த்து, “அம்மா, பட்டும்மா!” என்று கத்துவாள்.

அந்த முழக்கம் எழுந்து பதினொரு மாதம். 2018 மே 11, எக்ஸ்பான்ஸ் ரத்து.

ரசிகர்கள் காசு சேர்த்து, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையோடு ஒரு குட்டி விமானத்தை அமேசான் ஸ்டூடியோ மேலே பறக்கவிட்டார்கள். நாங்களும் பத்து டாலர் அனுப்பினோம். இரண்டே வாரத்தில், லாஸ் ஏஞ்சலீசில் நடந்த ஒரு விண்வெளி மாநாட்டில், அந்தத் தொடரின் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அது காப்பாற்றப்பட்டது என்று அறிவித்தார். மேலும் மூன்று சீசன் கிடைத்தன. மேல் மாடி வீடு அதற்குள் காலியாகியிருந்தது. நர்ஸ் அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்று அன்றைக்கு இவரிடம் சொல்லி அழுதேன்.

நான்காவது சீசன் 2019 டிசம்பரில் வந்தது. மகளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து தொடங்கினோம். பாதியில் நிறுத்திவிட்டு, “இது முன்னாடி எந்த சேனல்மா?” என்றாள். போனில் தேடப்போகிறாள்.

“சைஃபை.”

“எப்படி எழுதணும்?”

எஸ், ஒய் என்று சொல்லிக்கொடுத்தேன். “இது என்ன வார்த்தை? அர்த்தம் என்ன?” என்று கேட்டாள். ‘வார்த்தை இல்லடா, அது ஒரு பேரு’ என்றேன். முதலில் இருந்த வார்த்தையையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன், எஸ், சி, ஐ. “அதுதான் எனக்குத் தெரியுமே” என்று சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்தாள்.