திருப்பி வைத்த சங்கிலியும் கூட்டு வட்டியும்

கூட்டு வட்டியைப் பற்றி முகநூலில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைச் சேமிக்கிறவனுக்குக் கிடைத்த வரம் மாதிரித்தான் எழுதுகிறார்கள். இருபது வயதில் மாதாமாதம் போடத் தொடங்கு, அறுபதில் கோடீஸ்வரன். நான் யாழ்ப்பாணத்தில் பார்த்தவரை எங்கட சனம் கூட்டு வட்டியைச் சந்திப்பது கடன் பக்கத்தில். சேமிப்புப் பக்கத்தில் நாங்கள் நிற்பது நேர்கோட்டில், வட்டிக்கு வட்டி சேராமல்.

1 இலட்சம் ரூபா, வருசத்துக்கு நூற்றுக்கு 18 என்று வைப்போம். எளிய வட்டி என்றால் வருசா வருசம் 18 ஆயிரம் கூடும், அவ்வளவுதான். கூட்டு வட்டி என்றால் கட்டாத வட்டியும் முதலோடு சேர்ந்து குட்டி போடும். முதல் வருச முடிவில் இரண்டும் 1 இலட்சத்து 18 ஆயிரம்தான், ஒரு சதமும் வித்தியாசமில்லை. இரண்டாம் வருசம் வித்தியாசம் 3,240 ரூபா. அதை ஆர் கணக்கெடுக்கப் போகினம்? பத்தாம் வருசம் பார்த்தால் ஒன்று 2 இலட்சத்து 80 ஆயிரத்தில் நிற்கும், மற்றது 5 இலட்சத்து 23 ஆயிரத்தைத் தாண்டியிருக்கும்.

பத்து வருசம் ஆராவது கடனை வைத்திருப்பார்களா என்று கேட்கலாம். வைத்திருக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா சங்கிலியை அடகு வைத்திருந்தார். தவணை முடிய மீட்கக் காசில்லை, திருப்பி வைத்தார், அதாவது பழைய அடகுச் சீட்டை முடித்து அதே சங்கிலியைப் புதுச் சீட்டில் மறுபடி அடகு வைத்தார். "வட்டி ஒரு சதம் விடாமல் கட்டிப்போட்டுத்தான் தம்பி திருப்பி வச்சனான்" என்றார். கட்டின காசு எங்காலை என்று கேட்டேன். "பவுண் விலை ஏறினதாலை இந்தமுறை கூடத் தந்தவை. அதிலை கழிச்சாச்சு." பழைய சீட்டில் 1 இலட்சம், புதுச் சீட்டில் 1 இலட்சத்து 18 ஆயிரம். கையில் ஒரு ரூபாவும் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை, ஒவ்வொரு சீட்டிலும் எழுதியிருப்பது எளிய வட்டிதான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது கூட்டு வட்டி. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏற, பவுணும் கூடவே ஏற, இப்படித் திருப்பி வைப்பது இன்னும் லேசாகிப் போனது. பவுண் விலை ஏறாமல் நிற்கிற வருசத்தில்தான், வட்டியைக் கழிக்கக் கூடுதல் காசு கிடைக்காமல், நகையை ஏலம் விடப்போகிறோம் என்று கடிதம் வரும்.

தனியாரிடம் "நூற்றுக்கு அஞ்சு" என்று வாங்குகிறவர்களின் கதை இதைவிட மோசம். அந்த அஞ்சு மாதத்துக்கு. 72 ஐ வட்டி வீதத்தால் பிரித்தால் கடன் இரட்டிக்கும் காலம் கிட்டத்தட்ட வரும், 1494 இலேயே இத்தாலியக் கணிதர் லூக்கா பசியோலி எழுதி வைத்த வழி இது. 72 ஐ 5 ஆல் பிரித்தால் 14 மாதம் சொச்சம். கட்டாமல் விட்டு இரண்டு வருசம் போனால் 1 இலட்சம் 3 இலட்சத்து 22 ஆயிரம். எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு அடியில் இருக்கிற, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டத்தில், நிலுவை வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்று ஒரு விதியே உண்டு. கூட்டு வட்டி எங்கே கொண்டுபோய் விடும் என்று பழைய ஆட்களுக்கு நல்லாய்த் தெரிந்திருக்கிறது.

இடையில் ஒன்று. "நாளுக்கு ஒரு வீதம் முன்னேறு, வருசத்தில் 37 மடங்கு ஆவாய்" என்று போடுகிற உற்சாகப் பதிவுகளை எனக்குப் பிடிக்காது. பெருக்கல் சரிதான். ஆனால் படிப்பிலும் தொழிலிலும் எல்லாமே இப்படிப் பெருகுவதில்லை. பனை வருசத்துக்குச் சில ஓலைதான் விடும். போன வருச ஓலை இந்த வருசம் ஓலை போடாது. வளர்ந்ததே திரும்ப வளர்க்கிற இடத்தில் மட்டும்தான் கூட்டு வளர்ச்சி.

இனிச் சேமிப்பு. வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசை நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டியை எடுத்துச் சீவிக்கும் அம்மா அப்பாமார் இங்கே எத்தனை பேர்! வட்டி கைக்கு வந்துவிடுவதால் முதல் அப்படியே நிற்கும். சாமான் விலையோ கூட்டு வட்டியில் ஏறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் படி பணவீக்கம், அதாவது ஒரு வருசத்தில் சாமான் விலை ஏறின அளவு, 69.8 வீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3. "குறைஞ்சிட்டுது எண்டாங்கள், சந்தையிலை ஒண்டும் குறையேல்லையே" என்று பலர் ஏசினார்கள். எப்படிக் குறையும்? 100 ரூபாச் சாமான் ஏறத்தாழ 170 ஆகி, அந்த 170 இன் மேல்தான் 1.3 ஏறியது, 172. வீதம்தான் இறங்கியது, விலை இறங்கவில்லை. அந்த வைப்புக்காரரின் முதல் அந்த இரண்டு வருசமும் அதே தொகை.

ஆகவே மாத வட்டி எடுக்கிறவர்கள் மருந்து, கறண்ட் பில் போக மிஞ்சுவதையாவது வைப்போடு சேர்த்துவிடுங்கோ. நகை வைத்திருக்கிறவர்கள் முதலைத் தொட முடியாவிட்டாலும் வட்டியைப் புதுச் சீட்டுக் காசில் கழிக்காமல் சொந்தக் கையால் கட்டப் பாருங்கோ. பகுதி பகுதியாக வாங்குவார்களா என்று அடகுப் பிரிவில் கேளுங்கோ. 1 இலட்சத்துக்கு 18 வீதம் என்றால் மாதம் 1,500 ரூபா.