‘டெலிட் பண்ணிட்டேன் சார்’

மதுரையில் ஒரு கல்லூரியில் மெயில், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பார்க்கிறேன். போன செமஸ்டரில் எங்களிடம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. பாதிக்கப்பட்ட இருவரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி எங்கள் மூத்த பேராசிரியர் ஒருவருக்கு மெயில் வந்திருக்கிறது. மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் கணக்கு முடங்கும், கீழே அழுத்திச் சரிசெய்யுங்கள் என்று. போனில் அனுப்பியவர் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். அந்தப் பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும். பிறகு நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லூரிப் பெயரில் ஆங்கில ‘எம்’ வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்ட வைத்திருந்தார்கள். சின்ன எழுத்தில் அது ‘எம்’ போலவேதான் தெரிகிறது. அவர் பாஸ்வேர்டைப் போட்டார். அடுத்த திரை வெறும் வெள்ளையாக நின்றுவிட்டது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. 31 வருஷம் பாடம் நடத்தியவர். ‘இது கூடவா சார் தெரியாது’ என்று ஒரு சின்னப் பையன் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்கிற கூச்சம்.

சனிக்கிழமை காலை அவருடைய கணக்கிலிருந்தே மாணவர்களுக்கு மெயில் போனது. உதவித்தொகை ஏறவில்லை, மாலை 5 மணிக்குள் வங்கி விவரத்தைச் சரிபார்க்கவும் என்று. கீழே அவர் பெயர், பதவி, துறை எல்லாம் அச்சு அசலாக இருந்தன. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை, அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள், நம்பிவிட்டாள். சார் அனுப்பியதை எப்படிச் சந்தேகப்படுவாள்? கார்டு நம்பரைக் கொடுத்தாள், வந்த ஓடிபியையும் கொடுத்தாள். 8,500 ரூபாய் போய்விட்டது. விடுதிக் கட்டணத்துக்காக அவள் அப்பா ஆடு விற்று அவள் கணக்கில் போட்ட பணம் அது. வீட்டில் திட்டுவார்கள் என்று அவளும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை நான் விசாரிக்கப் போனால், அதே ‘மெயில் பெட்டி நிரம்பிவிட்டது’ வியாழக்கிழமையே இன்னும் ஏழு பேருக்கு வந்திருக்கிறது. ஏழு பேருமே போலி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: ‘டெலிட் பண்ணிட்டேன் சார்.’

என் ஆதங்கம் இந்த பதிலில்தான். நீங்கள் அழித்தது உங்கள் பெட்டியில் இருந்ததை மட்டும். பக்கத்து மேஜைக்காரர் பெட்டியில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அன்று ராத்திரி ஒருவர் எனக்குப் போன் செய்திருந்தால், அந்த மெயில் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று மெயில் பதிவேட்டில் (லாக்) பார்த்து அத்தனை பேரையும் அழைத்திருப்பேன். அந்த முகவரியைத் தடுத்திருப்பேன். பேராசிரியரின் பாஸ்வேர்டை மாற்றி, திறந்து கிடந்த எல்லா இடத்திலிருந்தும் அவர் கணக்கை வெளியேற்றியிருப்பேன். ஒரு மணி நேர வேலை. சனிக்கிழமை மெயில் போயிருக்கவே போயிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கணக்கைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்கள். ‘உதவித்தொகை’, ‘லிங்க்’, ‘மோசடி’ என்ற சொற்கள் உள்ள எந்த மெயில் வந்தாலும் நேராகக் குப்பைக்குப் போகும்படி. அந்தக் குப்பையில் நான்கு மாணவர்களின் மெயில் கிடந்தது. ‘சார், இது நீங்க அனுப்பினதா?’ பிள்ளைகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். கேட்டது அவர் கண்ணுக்குப் போகவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் வந்தால் அதே மெயிலுக்குப் பதில் போட்டுக் கேட்காதீர்கள். போன் செய்யுங்கள், இல்லை நேரில் வாருங்கள்.

சந்தேகமான மெயிலை எங்களுக்குச் சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால், அது எங்கிருந்து கிளம்பியது என்கிற விவரம் கூட வராது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் திறந்திருந்தால் மூன்று புள்ளியை அழுத்தி, இணைப்பாக ஃபார்வர்ட் செய்யும் வசதியில் அனுப்புங்கள். போனில் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் போதும். அப்புறம், ‘இது போலி, யாரும் தொடாதீங்க’ என்று அந்த லிங்க்கை அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள், ஆனால் மேலே எழுதியதைப் படிக்காமல் லிங்க்கை மட்டும் தொடுகிறவர் ஒருவராவது இருப்பார்.

பணம் போயிருந்தால் முதல் போன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு. அடுத்தது வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் கை மாறிப் போவதற்குள் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. ஓடிபியை நாமே கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இது எதையும் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது எங்கள் தவறு.

நிர்வாகத்தில் இருப்பவர்களிடமும் எனக்குக் கேட்க ஒன்று உண்டு. சைபர் சம்பவங்களைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இப்படிப் போலி மெயில் அனுப்பி விவரங்களைப் பறிக்கிற ஃபிஷிங்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஏமாந்தவர் நம்மிடம் வரவே பயந்தால், 6 மணி நேரத்தில் யார் யாருக்குத் தெரிவிப்பது? ‘யார் கிளிக் பண்ணது’ என்று மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கூட்டத்தில் ஒரு அம்மா செயினைத் தொலைத்துவிட்டு அலறினால், ‘ஏன் போட்டுக்கிட்டு வந்தே’ என்று யாரும் அங்கே பாடம் நடத்துவதில்லை. பக்கத்தில் இருக்கிற பெண்கள் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஊக்கை எடுத்துச் செயினைச் சேலையோடு குத்திக்கொள்கிறார்கள். ஒருத்தி அலறியதால் பத்துப் பேர் செயின் தப்பிக்கிறது.

பேராசிரியர் இப்போது ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாளே தனக்கு நடந்ததைச் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே ஆரம்பித்தார். அதற்கப்புறம் என் அறைக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். போன வாரம் முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் மூச்சு வாங்க வந்து போனை நீட்டினான். ‘சார், இது சரியா தப்பான்னு தெரியல, தொடாம வச்சிருக்கேன்.’ பார்த்தேன். எங்கள் நூலகத்திலிருந்து வந்த உண்மையான மெயில், புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லி. ‘இது நம்ம லைப்ரரிதான் தம்பி, அடுத்த தடவையும் இதே மாதிரி வந்து காட்டு’ என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துவர விடுதிக்கு ஓடினான்.