தட்டைக் கவிழ்த்தால் மூடியதாகிவிடுமா?

மீன் சட்டியின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஹாலுக்குப் போய் சீரியல் பார்க்க வேண்டியது. திரும்பி வந்து, "திருட்டுப் பூனை! திருட்டுப் பூனை!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டியது. இது எந்த ஊர் நியாயம்? வறுத்த சங்கராவை அதன் மூக்குக்கு நேரே வைத்தது யார்?

சமையல் மேடை மூன்றடி உயரம்கூட இருக்காது. நன்றாக வளர்ந்த பூனை நின்ற இடத்திலிருந்தே ஐந்தடி எம்பும். ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் எட்டாது என்பது நம் நினைப்பு. தரையிலிருந்து மேடை, மேடையிலிருந்து ஃபிரிட்ஜ், அவ்வளவுதான் அதற்கு.

அந்தத் தட்டு விஷயத்துக்கு வருவோம். சட்டியின் வாயைவிடத் தட்டு அகலம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓரம் இருக்கிறதே, பூனைக்கு அதுதான் பிடி. அடியில் மூக்கைக் கொடுத்து ஒரு நெம்பு, பாதத்தால் ஒரு தள்ளு, தட்டு தரையில். முதல் தடவை அந்த 'டங்' சத்தத்துக்குப் பயந்து ஓடும். சத்தத்துக்குப் பின்னால் மீன் திறந்து கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் ஏன் ஓடப்போகிறது? தட்டின் மேல் அம்மிக் குழவியை ஏற்றுகிற புத்திசாலிகளும் உண்டு. அது சரிந்து கண்ணாடி அடுப்பில் விழுந்தால் செலவு மீனோடு நிற்காது.

எல்லார் வீட்டிலும் பிரஷர் குக்கர் இருக்கிறதே! மீனை ஒரு கிண்ணத்தில் போட்டு குக்கருக்குள் இறக்கி மூடியைப் பூட்டுங்கள். வெயிட் போட வேண்டாம், ஆவி அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். குக்கர் மூடியைத் திருகத் தெரிந்த பூனை இன்னும் பிறக்கவில்லை. மொறுமொறுப்பு போய்விடும் என்று முனகுகிறவர்கள், மீனே போவதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இதில் இன்னொரு ஆள். மீன் ஆயும்போது "பாவம், வாயில்லா ஜீவன்" என்று மேடையிலிருந்தே செவுளை எடுத்துப் போடுகிறவர். பத்துத் தடவை ஏறி ஒரு தடவை கிடைத்தாலும் பூனை விடாது. தினமும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் அந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கும். வீட்டில் நாலு பேர் விரட்டி என்ன பயன், ஐந்தாவது ஆள் விருந்து வைத்தால்? மீனைக் கழுவ எடுப்பதற்கு முன்பே அதன் பங்கை அதன் தட்டில், வேறு அறையில் வையுங்கள். காலையில் ஒரே குவியலாகக் கொட்டுவதை விட்டுவிட்டு அதே அளவை நான்கு வேளையாகப் பிரியுங்கள். பூனையின் வயிறு சிறுகச் சிறுகத் தின்னப் பழகியது.

மிளகாய்த்தூள் தூவு, கற்பூரம் வை, யூகலிப்டஸ் தைலம் தடவு என்று யோசனை சொல்கிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. பூனை காலை நக்கும், அதே காலால் முகத்தைத் துடைக்கும். மிளகாய் நேரே கண்ணுக்குப் போகும். கற்பூரமும் தைலமும் அதற்கு விஷம். மேடை விளிம்பில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டிப் பாருங்கள். பாதம் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது.

மீன் போனால் போகட்டும், வெங்காயம்தான் வினை. கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாலு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது மூன்று நாலு சின்ன வெங்காயம். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, பூண்டு இன்னும் மோசம். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கறுப்பதும் சில நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் குழம்பை நக்கியதை வீடே மறந்திருக்கும்.

குப்பைக் கூடையைச் சொல்லாமல் விட முடியாது. பிரியாணிப் பொட்டலத்து நூலை, மசாலா வாசத்தோடு, திறந்த கூடையில் போடுகிறார்கள். அதை விழுங்கினால் குடல் சுருக்குப்பை மாதிரி இழுபடும். பின்பக்கம் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். காலால் மிதித்துத் திறக்கிற கூடை ஒன்று வாங்குங்கள், சாய்க்காமலிருக்க அடியில் ஒரு செங்கல் போடுங்கள்.