வலி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்

அறுவை மருத்துவர் வந்து பார்க்கும்வரை வலி ஊசி போடக்கூடாது என்று வயிற்று வலி பற்றிய உங்கள் கட்டுரையில் இருக்கிறது. மருத்துவம் படிக்கும்போது நானும் அப்படித்தான் படித்தேன், ஆனால் அது பழைய பாடம். வலி அடங்கினால் நோய் மறைந்துவிடும் என்ற பயம் ஸ்கேன் இல்லாத காலத்தில் நியாயமானது. பின்னர் நடந்த ஆய்வுகளில், அளவாக மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு நோயைத் தவறாகக் கணிப்பது கூடவில்லை. வலியில் விறைத்துக் கிடப்பவரைவிட, கொஞ்சம் தளர்ந்தவரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுதான் எளிது.

வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பது வேறு கதை. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் குடல்வால் அழற்சியாக (அப்பெண்டிசைடிஸ்) இருக்கலாம். தயவுசெய்து பேதி மருந்து கொடுக்காதீர்கள். அப்புறம், கடுமையான வலி திடீரென்று விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குடல்வால் வெடித்தாலும் அப்படித்தான் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும், பிறகு வயிறு முழுக்க வலியும் காய்ச்சலுமாகத் திரும்பும். "நேற்றே வலி போயிடுச்சு டாக்டர்" என்று சொன்ன ஒரு அப்பாவின் மகனுக்கு வயிறெல்லாம் சீழ்.

கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்றால் கர்ப்பப் பரிசோதனை முதலிலேயே செய்ய வேண்டும். கட்டுரையில் அது விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.