எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வாங்கிப் போனவர்களுக்காக

தர்மபுரியில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். "கைகால் ஓஞ்சு போவுது" என்று சீட்டோடு வருகிறவர்கள் இங்கே தினமும் உண்டு. ஊதா மூடி ட்யூபில் ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர், மஞ்சள் மூடியில் தைராய்டு, பி12. பலருக்குக் காரணம் அதிலேயே சிக்கிவிடும்.

சிக்காதவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஓசூரில் கம்பெனி ஷிப்டுக்குப் போய்வந்த ஒரு பெண். காய்ச்சல் வந்து போனபின் எழுந்திருக்கவே இல்லை. "ஒரு பக்கெட் துணி தொவைச்சா அன்னிக்கி ஒண்ணும் தெரியல ண்ணா, மறுநாள்லேர்ந்து மூணு நாள் படுக்கைதான்" என்றாள். ரிப்போர்ட்டில் எதற்கும் கீழே கோடு இல்லை. கூட வந்த மாமியார் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "பாத்தியா, ஒண்ணும் இல்லையாம்" என்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவள் சொன்னதுதான் க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்கிற நாட்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளம்: வருத்திக்கொண்டால் உடனே இல்லாமல் தாமதமாக வந்து அடித்துப் போடுவது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வு, எவ்வளவு தூங்கினாலும் தெளியாத உடம்பு, இவற்றோடு மூளை மந்தம் அல்லது நிமிர்ந்து நின்றால் தலைசுற்றல் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015-லேயே வரையறுத்துவிட்டது. ஆனால் உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை.

தேடாமல் இல்லை. 2009-இல் நோயாளிகள் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. லேபில் கலந்த கலப்படம் அது என்று தெரிந்து 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. எத்தனை பேர் நம்பி ஏமாந்திருப்பார்கள்! 2019-இல் ஸ்டான்ஃபோர்டில் ரத்த செல்களை உப்புக் கரைசலில் திணறவிட்டு மின்தடை மாறுவதை அளந்தார்கள். நோயாளிகள் 20 பேர், நலமானவர்கள் 20 பேர். அதை நடத்திய ரான் டேவிஸின் மகனே இந்த நோயில் படுத்த படுக்கையாக இருப்பவர். 2025-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் குழு, ரத்த செல்லில் டி.என்.ஏ. மடங்கியிருக்கும் விதத்தை வைத்து ஒரு டெஸ்ட்டை அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட 47 பேர், நலமானவர்கள் 61 பேர். நோய் இல்லாதவர்களை 98% சரியாக ஒதுக்கியது என்றார்கள்.

98 என்றதும் மலைக்க வேண்டாம். ஆயிரம் பேரில் நாலு பேருக்கு இந்த நோய் என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இந்த டெஸ்ட்டை எடுத்தால், நோயே இல்லாத சுமார் 20 பேருக்கும் 'இருக்கிறது' என்று வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது. கல்லு மாதிரி இருப்பவரையும் படுத்த படுக்கையாக இருப்பவரையும் பிரித்துக் காட்ட எனக்கு டெஸ்ட் எதற்கு? என் டேபிளுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோருமே களைத்தவர்கள். ரத்தசோகையில் வெளுத்த பெண்கள், தைராய்டு, காசநோய், ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து மூட்டு இறுகியவர்கள். அந்தத் தண்ணீருக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இவர்களுக்கு நடுவிலிருந்து அந்த ஓசூர் பெண்ணைத் தனியாகக் காட்டும் டெஸ்ட்தான் வேண்டும். மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் யாருக்கும் ரத்தம் மாறும். நோயால் வந்த மாற்றம் எது, படுக்கையால் வந்தது எது என்பதையும் பிரித்தாக வேண்டும். ஆராய்ச்சிக்கு எங்கள் மாவட்டத்து ரத்தமும் போகவேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

அதுவரை யாராவது 'சோர்வு பேக்கேஜ்' என்று பல்லாயிரம் ரூபாய்க்கு விற்றால் வாங்காதீர்கள். டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: ரிப்போர்ட் நார்மலாக இருந்தால், "வேலை செஞ்ச மறுநாள் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "எந்திரிச்சு நடந்தா சரியாயிடும்" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரக்கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது. உடம்பு தாங்கும் அளவுக்குள் வேலையை நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அதைக் கூட வந்த மாமியார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.